குட்டப்பன் பெயருக்கு எதிரே ஒரு சொல்

செவ்வாய்க்கிழமை காலை சர்க்கார் கச்சேரிக்குள் நுழைந்து குடையை மடக்கி மூலையில் சாத்திக்கொண்டிருந்தேன். பியூன் கேசவன் வந்து, "நம்முடெ ஞானாபரணம் ஸாரு போயி, ஸ்வாமி" என்றான். மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் கிடந்தவர்தான். எதிர்பாராத செய்தி அல்ல. ஆனாலும் சாத்திய குடையை மறுபடி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். துக்கம் மட்டும் காரணமில்லை. அவர் இருக்கும்போதே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை நான் சொல்லாமல் வைத்திருந்தேன்.

மைதானத்துக் கயிற்றோரம் அவரோடு நின்றவர்களுக்கு அவரை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாகர்கோவில் பக்கத்துக்காரர். ரிக்கார்டு செக்‌ஷனில் பதினான்கு வருஷம் எனக்கு எதிர் மேஜை. பந்தாட்டத்துக்கு வந்து பந்தைப் பார்க்காத ஒரே மனிதர். கோல் போட ஓடும் முன்வரிசைக்கும் பின்னால் காவல் நிற்பவர்களுக்கும் நடுவே ஆடுகிற மூன்று ஹாஃப்பேக்குகளைத்தான் பார்ப்பார். அதுவும் அவர்களிடம் பந்து இல்லாதபோது. ஒருமுறை கோல் விழுந்து கூட்டமே துள்ளுகிறது, இவர் என் பக்கம் திரும்பி யார் அடித்தது என்று கேட்கிறார். நான் சிரித்துவிட்டேன். "கோல் அடிக்கியவனப் பாக்க ஊரே நிக்கி. நடுவுல நிக்கியவனப் பாக்க ஒருத்தனாவது வேண்டாமா வேய்?" என்றார்.

நான் சொல்ல வேண்டியது நடந்த வருஷம் சென்னையில் பெரிய போட்டி. போவது திருவிதாங்கூர் அணி. அன்றைக்கு எங்களுக்கு நாடு என்றால் அதுதான். முந்தைய வருஷம் நடுவில் ஆள் சரியில்லாமல் தோற்றுத் திரும்பியிருந்தோம். ஆகவே தேர்வுக் கமிட்டி ஹாஃப்பேக்குகளை எடைபோடும் வேலையை ஞானாபரணத்திடம் விட்டது. கமிட்டிக்குக் காரியதரிசி நான். சாதாரணமாகவே கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ஆள். அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆள் தேர்வுக்கு வைத்த பரீட்சை ஆட்டம் முடிந்த மறுநாளே ஞானாபரணத்தின் அக்காளுக்கு உடம்பு சரியில்லையென்று ஆள் வந்து, ஊருக்குப் புறப்பட்டுவிட்டார். போகும் அவசரத்தில் கேசவனிடம் ஒரு சீட்டு கொடுத்துவிட்டுப் போனார். ரைட் ஹாஃப் பெயருக்கு எதிரே, "ஓடுவான், நிற்கவும் தெரியும், எடுக்கலாம்." லெஃப்ட் ஹாஃபுக்கு எதிரே, "மெதுவானவன், ஆனால் பந்து வருமிடம் தெரிந்தவன், எடுக்கலாம்." நடுவில் ஆடும் சென்டர் ஹாஃப் குட்டப்பனுக்கு எதிரே ஒரே சொல்: "மதி."

எங்கள் ஊர்த் தமிழில் புகுந்துவிட்ட மலையாளச் சொல் அது. போதும் என்று அர்த்தம். 'அவன் மதி' என்றால் அவனே போதும், வேறு ஆள் தேட வேண்டாம். வெறுமனே 'மதி' என்றால் நிறுத்து என்றும் ஆகும். மற்ற இருவருக்கும் "எடுக்கலாம்" என்றவர் இவனுக்கு மட்டும் ஏன் அப்படி எழுதினார் என்று எனக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனால் குட்டப்பன் ஊருக்கே செல்லப்பிள்ளை. எல்லோருக்கும் அவன் வேண்டும், எனக்கும் வேண்டும். கேட்டு ஒரு தந்தி அடிக்காமல் பட்டியலில் பெயரை எழுதி ஒட்டினேன்.

அணி புறப்படுகிற அன்று ஞானாபரணம் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே தம்பானூர் ரயில் ஸ்டேஷனுக்கு வந்தார். மாலையோடு நின்ற குட்டப்பனைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "இவன் எங்க போறான்?" என்று என்னிடம் கேட்டார். நான் சீட்டை எடுத்துக் காட்டினேன்.

"நீர்தானே ஓய் மதின்னு எழுதியிருக்கீர்."

"ஆடினது மதி, இனி வேண்டாம்னுதான் எழுதினேன் வேய். அவனுக்கு வலது கால் முட்டு போச்சு. திரும்பும்போதெல்லாம் இடது காலுலயே திரும்பினானே, நீரு பாக்கலியா?"

நான் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரயில் புறப்பட இன்னும் கால் மணி நேரந்தான் இருந்தது.

குட்டப்பனை ஓரமாக அழைத்துக் குந்தி உட்காரச் சொன்னார். அவன் பாதி இறங்கி, அதற்கு மேல் முடியாமல் ரயில் பெட்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். வழியனுப்ப வந்திருந்த அவன் மனைவி அப்போதுதான் அதைப் பார்த்தாள். குட்டப்பன் சாலைக் கடைத்தெருவில் அரிசி மூட்டை சுமப்பவன். "ஈ ஒரு தவண மாத்ரம், ஸாரே" என்று கெஞ்சினான். இந்த ஒரு தடவை ஆடினால் அப்புறம் மூட்டை தூக்க முடியாது என்று ஞானாபரணம் அவன் மனைவியைப் பார்த்துச் சொன்னார். அவள் அவன் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள்.

கமிட்டித் தலைவர் கொதித்துப்போய் வந்தார். கடைசி நிமிஷத்தில் இப்படி ஆனது யார் தப்பு என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன்; சத்தம் வரவில்லை. "நான் எழுதினதுதான் தப்பு" என்றார் ஞானாபரணம். நான் எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அணி தோற்றது. செல்லப்பிள்ளையை இறக்கிவிட்ட கிறுக்கன் என்று ஊர் அவரைத்தான் ஏசியது. அவர் வீட்டுப் படலில் யாரோ ஒரு கிழிந்த பந்தைக் கட்டித் தொங்கவிட்டார்கள். அவர் அதை அவிழ்த்து, உள்ளே இருக்கிற ப்ளாடர் நல்லதுதான் என்று எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு யாரும் அவரை ஆள் பார்க்கக் கூப்பிடவில்லை. எதிர் மேஜையில் உட்கார்ந்து அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலருகே உட்கார்ந்து, "அந்தச் சீட்டைத் தப்பா வாசிச்சது நான்தான்னு எல்லார்கிட்டயும் சொல்லிடட்டுமா?" என்று கேட்டேன். கண்ணைத் திறக்காமல், "மதி" என்றார்.

விட்டுவிடும் என்றாரா, அவ்வளவு செய்தால் போதும் என்றாரா? அன்றும் நான் கேட்கவில்லை. விட்டுவிடச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு, மனசு லேசாகிக் கரமனையில் என் வீட்டுக்கு நடந்து வந்து நன்றாகத் தூங்கினேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அடக்கத்தன்று பெட்டியைத் தூக்கியவர்களில் குட்டப்பனும் ஒருவன். கல்லறைத் தோட்டத்து மேட்டில் நொண்டாமல் ஏறினான். இப்போதும் மூட்டைதான் சுமக்கிறான் என்றார்கள்.

சீட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கென்று மிச்சம் அதுதான். அந்த ஒரு சொல்லை இரண்டு தடவை எனக்கு வசதியாக வாசித்துவிட்டேன். இனி கேட்க அவர் இல்லை. ஆகவே இந்தத் தடவை எனக்குக் கஷ்டமான அர்த்தத்தை எடுத்துக்கொண்டு, அன்று ஸ்டேஷனில் வராத வார்த்தையை இங்கே எழுதுகிறேன்: தப்பு அவருடையதல்ல, என்னுடையது.