ஐந்தாம் எண்காரி

கண்ணை மூடி, உதடு அசைய ஒரு வேண்டுதல். அதற்குப் பிறகுதான் அவளுடைய கட்டைவிரல் கைபேசித் திரையைத் தொடும். "கடவுளே, யாருக்கும் மனக்குறை வராம ஒரு நம்பரைக் குடுப்பா" என்பாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் மற்ற நான்கு பெண்களும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்ப்பார்கள். வருகிற எண் யாருடையதோ, அவள் அன்று முழுவதும் சூட்டு உருளையில் படுக்கை விரிப்புகளைத் தேய்க்க வேண்டும். சாயங்காலம் முகம் வெந்து சிவந்திருக்கும்.

முன்பெல்லாம் இதற்குத் தினமும் வாய்ச்சண்டை. அதைத் தீர்க்கத்தான், குலுக்கல் போல ஏதாவது ஒரு எண்ணைப் பொறுக்கித் தரும் கணினி நிரலைப் போனில் பாடம் பார்த்துப் பார்த்து எழுதப் பழகினாள். நாலே வரி. முதல் எண் வந்து விழுந்த அன்று பிள்ளை பெற்றவள் போல எல்லோரிடமும் காட்டித் திரிந்தாள். "எனக்கே இது வந்துடுச்சுன்னா, கம்ப்யூட்டர் நெலமை ரொம்பப் பாவம்தான்!"

ஆளுக்கொரு எண் பிரித்தபோது, "எனக்கென்ன, கடைசி நம்பர் போதும்" என்று ஐந்தை எடுத்துக்கொண்டாள்.

மாதங்கள் ஓடின. ஐந்து மட்டும் வரவே இல்லை. தன் முழங்கால் வலியைப் பார்த்து மேலே இருப்பவர் இரங்கிவிட்டார் என்று நம்பி, அவருக்குத் தினமும் நன்றி சொன்னாள்.

எல்லோரும் 'நெட்டை' என்று கூப்பிடும் உயரமானவள், ஒருநாள் கைக் கொப்புளத்துக்கு மருந்து தடவிக்கொண்டே கேட்டுவிட்டாள்: "ஏன்க்கா, உங்க சாமி உங்களுக்கு மட்டும் லீவு குடுத்துட்டாரா? இல்ல, போன் காதுல நீங்களே ஏதாவது ஓதி வெச்சிருக்கீங்களா?"

மற்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

வீட்டுக்குப் போனதும் நிரலைக் கணினி வேலை பார்க்கும் தங்கைக்கு அனுப்பிவிட்டு, போனில் கூப்பிட்டாள். "தப்பு இருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லுடி."

"எழுதினது அழகாத்தான் இருக்குக்கா. ஆனா ஒண்ணுலேர்ந்து அஞ்சுன்னு போட்டிருக்கே பாரு, இதுல கடைசி எண் சேராது. நாலோட நின்னுடும். ஆறுன்னு போடணும்."

"அப்போ அஞ்சு வரவே வராதா?"

"நீ தலைகீழா நின்னாலும் வராது."

"அடிப்பாவி! நான் பண்ணின கோளாறுக்கு சாமிக்கு நன்றி வேற சொல்லிட்டிருந்தேனே! எப்படிச் சிரிச்சிருப்பாரு!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். போனை வைத்ததும் நெட்டையின் கொப்புளம் கண்முன் வந்து நின்றது. சிரிப்பு அடங்கிவிட்டது.

மறுநாள் காலை நால்வரிடமும் ஒளிக்காமல் சொன்னாள். "பெரிய அடக்கமானவ மாதிரி கடைசி நம்பரை எடுத்தேன். பாத்தா, ஆட்டத்துலயே நான் இல்லடி." ஐந்தை ஆறாக்கியதையும் காட்டினாள்.

நெட்டை திரையை எட்டிப் பார்த்தாள். "சரி விடுங்கக்கா. இப்ப அழுத்துங்க, பாப்போம்."

அவள் அழுத்தவில்லை. போனை நெட்டையின் கையில் திணித்தாள். மேலங்கியின் கைகளை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு, அன்றைய முறையைத் தானே எடுத்துக்கொண்டு, நேரே போய் சூட்டு உருளையின் விசையைப் போட்டாள்.