வெடித்த மண்ணின் உப்பு

மலேசியாவில், பெட்டாலிங் ஜெயா மண் ஆய்வுக்கூடத்தில் எங்கள் மேடத்தின் மேசைமேல் எப்போதும் ஒரு களிமண் கட்டி இருக்கும். கிள்ளான் கடலோரத் தோட்டத்தில் இரும்புக் குழாயை இறக்கி, உடையாமல் எடுத்து வந்தது. ஏர்கண்டிஷன் காற்றில் காய்ந்து அது வெடிக்கும். பிளவில் பென்சில் நுழையும். தண்ணீர் விட்டால் உப்பி மூடிக்கொள்ளும். வருகிறவர்களிடம் எல்லாம் அதைக் காட்டுவார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பிறந்தவர்; யாழ்ப்பாணத்துக் குடும்பம். வீட்டில் எல்லாரும் அரசாங்க உத்தியோகம். இவர் மட்டும் சேற்றில் இறங்கினார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அவர் சமன்பாடு எழுதுவார், நான் அதைக் கணினி நிரலாக்குவேன். மண்ணுக்குள் தண்ணீர் எப்படி இறங்கும், அதோடு உப்பு எப்படி நகரும் என்று முன்கூட்டியே சொல்லும் கணித மாதிரி அது. இன்றைக்குக் கைக்கடக்கமான கணினியே அந்தக் கணக்கைப் போட்டுவிடும். அன்றைக்கு வெடிப்பைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதையே யாரும் ஏற்கவில்லை. மற்ற ஆய்வாளர்கள் மண்ணைக் காயவைப்பார்கள், இடிப்பார்கள், சலிப்பார்கள், கண்ணாடிக் குழாயில் அடைத்துத் தண்ணீர் ஊற்றி அளப்பார்கள். வெடிப்பதும் உப்புவதும்தான் அந்தக் களிமண்ணின் சுபாவம். அதை இடித்துக் கொன்றுவிட்டுக் குணத்தை அளந்தார்கள், பெரிய மேதைகள். "மாவாக்கின பிறகு மண் எங்க இருக்கு, சொல்லுங்கோ" என்பார் மேடம்.

அந்த வருடம் கடலோரத் தடுப்புக்கரை உடைந்து, அந்தத் தோட்டத்தில் உப்புநீர் புகுந்தது. பிறகு அடித்த வெயிலில் நிலம் பாளம்பாளமாக வெடித்தது. மதகைத் திறந்து நல்ல தண்ணீரை மொத்தமாகப் பாய்ச்சினால் உப்பு கழுவிக்கொண்டு போய்விடும் என்றார் தோட்ட மேனேஜர். மண்ணை மாவாக்கி அளந்த பழைய கணக்கும் அதையே சொன்னது. எங்கள் கணித மாதிரி மறுத்தது. தண்ணீர் பிளவு வழியே ஓடி வடிகாலுக்குப் போய்விடும், உப்பு மண்கட்டிகளுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, பிளவு மூடிய பிறகே பாய்ச்ச வேண்டும் என்றது. தோட்டத்தையும் ஆய்வுக்கூடத்தையும் நடத்திய கம்பெனியின் தலைமை அலுவலகம், மேனேஜருக்கும் எங்களுக்கும் ஆளுக்கொரு துண்டு நிலம் கொடுத்தது. தோற்றால் எங்கள் ஆராய்ச்சியை மூடிவிட்டு, மேடம் உரச் சோதனைக்குத் திரும்ப வேண்டும். நான் நிரலை மறுபடி மறுபடி சரிபார்த்தேன். அவரோ டிபன் கேரியரைத் திறந்து நிதானமாகப் புட்டு சாப்பிட்டார்.

மேனேஜர் மதகைத் திறந்த சிறிது நேரத்திலேயே அவர் பக்கத்து வடிகாலில் தண்ணீர் சலசலவென்று வந்தது. "பார்த்தீங்களா மேடம், கழுவிட்டு வருது லா" என்றார். நாங்கள் நாள்கணக்கில் தெளித்தோம். "என்ன அக்கா, பூஞ்செடிக்கா தண்ணி விடுறீங்க?" என்று தோட்டத்து ஆட்கள் சிரித்தார்கள். பிளவுகள் மெல்ல மூடின. பிறகு பாய்ச்சினோம். எங்கள் வடிகாலில் தண்ணீர் நூல்போல்தான் கசிந்தது.

இரண்டு வடிகால் தண்ணீரையும் போத்தல்களில் பிடித்து, உப்பளக்கும் மீட்டரை வைத்தோம். மேனேஜருடையதில் முள் அசையவே இல்லை. எங்களுடையதில் ஓரத்துக்கே ஓடிவிட்டது. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. மேனேஜர் தலையை ஆட்டினார்.

"மீட்டர் உங்க மீட்டர்தானே, மேடம்."

"அப்ப நாக்கால பாருங்கோ. அது உங்கட நாக்குதானே."

மேனேஜர் தன் பக்கத்துத் தண்ணீரை நுனிநாக்கில் வைத்தார்; நல்ல தண்ணீர். எங்களுடையதை வைத்ததும் முகம் கோணி, காறித் துப்பினார்.

"எங்கட உப்பு வெளிய வந்துட்டுது. உங்கட உப்பு இன்னும் உள்ளுக்குத்தான் இருக்கு" என்றார் மேடம்.

மேனேஜர் வெகுநேரம் வாய் கொப்பளித்தார். பிறகு, சிரித்துக்கொண்டிருந்த ஆட்களின் பக்கம் திரும்பினார்.

"என்னப்பா பார்க்கிறீங்க? நம்ம பக்கமும் தெளிங்க."