துடைப்பக்குச்சி கட்டிய புங்கங்கன்றுகள்

திருத்தணி மலையடிவார வனத்துறை நாற்றுப்பண்ணையில் முதல் நாள் ரேஞ்சர் என் கையில் ஒரு பூவாளியைக் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். தினக்கூலிதான், ஆனால் காட்டைக் காவல் காக்கும் வாட்சர் வேலை ஒன்று காலியாக இருந்தது. அது நிரந்தர வேலை. அது கிடைத்தால்தான் அத்தை மகள் மங்காவை எனக்குத் தருவதாக மாமா பள்ளிப்பட்டில் சொல்லியிருந்தார். நூல் கிடைக்காமல் அவர் தறி நின்றுபோயிருந்தது. அதனால், என்னைப் 'பாவா' என்று முறை சொல்லிக் கூப்பிடும் மங்காவும் அதே பண்ணைக்குத் தண்ணீர் ஊற்ற வந்துவிட்டாள்!

"ஆளுக்கு இருநூறு மண்தொட்டி. புங்கங்கன்னு. ஆடிக் கிருத்திகைக் கூட்டம் இறங்கினதும் மலைப்பாதையில நடணும். உன் கன்னு தேறினா வாட்சர் வேலை உனக்கு" என்றார் ரேஞ்சர்.

மூன்று வேளை உபசாரம்

நான் கன்றுகளைச் சம்பந்தி வீட்டார் போல உபசரித்தேன். காலை, மதியம், மாலை தண்ணீர். கடலைப்புண்ணாக்கைக் கெட்டியாகக் கரைத்து இரண்டு நாளைக்கொரு தரம் ஊற்றினேன். மலைக்கோயில் திருநீறும் ஒரு சிட்டிகை போட்டேன். கன்றுகள் விர்ரென்று கிளம்பின. தினமும் முழங்கை வைத்து அளந்து, கல்யாணம் கிட்டே வந்துவிட்டது என்று குதிப்பேன்.

மங்கா தொட்டி மண்ணுக்குள் விரல் விட்டுப் பார்ப்பாள். காய்ந்திருந்தால்தான் தண்ணீர். புண்ணாக்கை மோர் போல நீர்க்கக் கரைத்து மாதம் இருமுறை ஊற்றுவாள். அவள் கன்றுகள் குட்டையாக, தடித்த தண்டோடு நின்றன.

"இன்னா மங்கா, இதுங்களுக்கு விரதமா?"

"சிரி பாவா, சிரி. நூலுக்குக் கஞ்சி அதிகமா போட்டா தறியில ஏத்துனதும் டப்பு டப்புன்னு அறுந்துக்கும். நீ ஊத்திகினே இரு, உன் கன்னும் அப்பிடித்தான் ஆவும்."

ஆடிக்காற்று

ரேஞ்சர் பார்வையிட வருவதற்கு முந்தின நாள் ஆடிக்காற்று அடித்தது. என் இருநூறும் படுத்துவிட்டன. எனக்கு அழுகையே வந்தது. மங்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு கடைத்தெருவில் துடைப்பங்கள் வாங்கி வந்தாள். கன்றுக்கு ஒரு குச்சி நட்டு, துண்டு நூலால் கட்டினோம். அவள் ஒரு நொடியில் முடிச்சுப் போடுவாள். நான் போட்டால் என் விரலும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

"என்னய்யா, எல்லாம் கோலூணி நிக்குது? கன்னா, பென்ஷன் வாங்கற கிழவங்களா?" என்றார் ரேஞ்சர். என் தொட்டி ஒன்றைக் கவிழ்த்துத் தட்டினார். மண் சேறாகக் கொட்டியது, வேர் பழுப்பாக நாலே இழை. மங்காவின் தொட்டியைத் தட்டினார். மண் உதிராமல் தொட்டி வடிவிலேயே வந்தது. சுற்றிலும் வெள்ளை வேர் பின்னியிருந்தது.

"இது யாருது?"

மங்கா முந்திக்கொண்டாள். "பாவா வளத்ததுங்க. குச்சி கட்டி நிக்கிறது என்னுதுங்க."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "இல்லீங்க ஐயா! இது மங்கா வளத்தது! இன்னா வேரு பாருங்க!" என்று கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் கல்யாணம் ஞாபகம் வந்தது. மங்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

ரேஞ்சர் விழுந்து விழுந்து சிரித்தார். "பொம்பளைக்கு வாட்சர் வேலை தர ரூல் இல்ல. இருந்தா இவளுக்குத்தான். பொய் சொல்லத் தெரியாத உனக்கே தரேன். ஆனா இவ விரல் விட்டுப் பார்த்துச் சொல்லாம ஒரு சொட்டு ஊத்தக்கூடாது."

அந்த ரூலை எழுதினவன் எந்தத் தொட்டியிலும் விரல் விட்டவனல்ல. ஆனாலும் "ஆங், சரிங்க" என்று சொல்லிவிட்டு, மாமாவிடம் சேதி சொல்லப் பள்ளிப்பட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனேன்.

தொட்டிக்கன்று வளர்க்கும் தம்பிகளே, உயரத்தைப் பார்த்து மயங்காதீர்கள், மண்ணுக்குள் விரல் விட்டுப் பாருங்கள். மங்காவின் கன்றுகள் மலைப்பாதைக்குப் போயின. என்னுடையதில் பிழைத்தது ஒன்றே ஒன்று. அதை அவள் எங்கள் வீட்டு வாசலில் நட்டாள். அது பெரிய மரமான பிறகும், ஆடி பிறந்தால் அதற்கு ஒரு துடைப்பக்குச்சி கட்டுவாள், என்னைப் பார்த்துக்கொண்டே.