ஆறு ஃபாரம் பாக்கி

எங்கள் ஆஸ்பத்திரியில் புத்தகம் படிக்கிறவர்கள் மூன்று பேர் இருந்தோம். படிக்கும் விதத்தில் மூவருக்கும் ஒத்துப்போன விஷயம் ஒன்றுகூட இல்லை.

நான் வேலூரில் இரண்டு வருஷம் மருந்து கலக்கப் படித்துவிட்டு, ஆம்பூர்ச் சாலையில் இருந்த அந்தச் சிறிய ஆஸ்பத்திரிக்குக் கம்பவுண்டராக வந்தவள். படிப்பதற்கென்று ஒரு நோட்டு வைத்திருந்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து கட்டம்: புத்தகம், மொத்தப் பக்கம், தொடங்கிய நாள், முடித்த நாள், இரண்டு வரியில் அபிப்பிராயம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் படிப்பேன். கதை எந்த இடத்தில் இருந்தாலும் மணி ஆனதும் மூடிவிடுவேன். மூலையை மடிக்க மாட்டேன். யாருக்கும் இரவல் தர மாட்டேன்.

பெரிய சிஸ்டர், அதாவது தலைமை நர்ஸ், கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பார். அங்கே ஒரு கல்யாணமோ, காணாமல் போனவர் திரும்பி வருவதோ இருந்தால்தான் முதல் பக்கத்துக்குப் போவார். "நாள் பூரா வார்டுல அழுவறத பாக்கறேன். புஸ்தகத்துலயும் இன்னாத்துக்கும்மா?" என்பார்.

மூன்றாவது ஆள் ஒரு நோயாளி. ஆம்பூரில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்தவர். அவருடைய கணவர் தோல் கிடங்கில் ரகம் பிரிக்கும் வேலையில் இருந்தார். காசநோய் என்று தெரிந்ததும் பள்ளிக்கூடம் போயிற்று, வீடு போயிற்று. எங்கள் காம்பவுண்டின் பின்கோடியில் இருந்த நீளமான ஓலைக் கொட்டகையில், கடைசிக் கட்டில் அவருடையது ஆயிற்று. எல்லோரும் அவரை டீச்சர் என்றோம்.

டீச்சர் படிப்பது பசித்தவர் சாப்பிடுவதைப் போல இருக்கும். விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பக்கம் புரட்டுவார். ஓரத்தில் பென்சிலால் எழுதுவார். கதையில் வருகிறவர்களைத் திட்டுவார். சத்தம் போட்டுப் படிப்பது மட்டும் அவருக்கு ஆகாது. "பத்து வருஷம் சத்தமா படிச்சாச்சு. அது பள்ளிக்கூடத்துக்கு. எனக்குன்னா கண்ணால படிக்கணும்" என்பார்.

கொட்டகைக்கு ஒரு சட்டம் இருந்தது. உள்ளே போன எந்தக் காகிதமும் வெளியே வரக்கூடாது. பாத்திரத்தைக் கொதிக்க வைக்கலாம், துணியை வேகவைக்கலாம், புத்தகத்தை என்ன செய்வது? படித்து முடித்ததும் பின்னால் இருந்த அடுப்பில் போட்டுவிடுவார்கள். டாக்டர் வைத்த சட்டம் அது, சரியான சட்டமும்கூட. அதனால் கொட்டகைக்கு நாங்கள் கொடுத்தனுப்பியவை, எரிந்தால் பரவாயில்லை என்று எங்களுக்குத் தோன்றியவை மட்டும்தான். அட்டை போனது, நடுவில் பத்துப் பக்கம் இல்லாதது, பழைய பஞ்சாங்கம், எவரோ இலவசமாகக் கொடுத்த உபதேசப் பிரசுரம். டீச்சர் எல்லாவற்றையும் படித்தார்.

ஒரு நாள் காலை மிக்ஸ்சர் மருந்து கொடுக்கப் போனபோது என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கம்பவுண்டரம்மா, உங்க ஆஸ்பத்திரியில படிக்கிறவங்க ரசனை எனக்கு நல்லா தெரிஞ்சு போச்சு."

"எப்படி டீச்சர்?"

"நீங்க வாணாம்னு தள்றதுதானே எனக்கு வருது? அத வெச்சு, எது புடிக்கும்னு கண்டுபுடிச்சிட்டேன். சிஸ்டருக்கு சாவு புடிக்காது. உனக்கு சின்ன கதை புடிக்காது. போன மாசம் வந்த ஆறும் சின்ன கதை."

அது உண்மை. எனக்கு முகம் சுட்டது. மருந்து அளக்கும் அவுன்ஸ் கிளாஸைக் கழுவுவது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு அவர் ஒரு நாவலைப் பற்றிச் சொன்னார். இரண்டு பாகம் கொண்டது. முதல் பாகத்தை மேல்விஷாரத்தில் ஒரு தோழியிடம் இரவல் வாங்கிப் படித்தாராம். இரண்டாம் பாகத்தை எட்டு வருஷமாகத் தேடியும் கிடைக்கவில்லை. "அந்தப் பொண்ணு படகுல ஏறிட்டா. அதோட நிக்குது. எட்டு வருஷமா அவள படகுலயே வெச்சிருக்கேன். ஏறினவ எறங்கணும் இல்ல?"

அந்த இரண்டாம் பாகம் என் பெட்டியில் இருந்தது.

எங்கள் பக்கத்தில் புத்தகப் பிரியர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பிடித்த புத்தகத்தைக் கிடங்கில் கழித்த துண்டுத் தோலால் கட்டிக்கொள்வார்கள். என்னிடம் அப்படிக் கட்டியவை நான்குதான் இருந்தன. அந்த இரண்டாம் பாகம் அவற்றில் ஒன்று. மூன்று முறை படித்திருந்தேன். முன்னூற்று ஐம்பத்திரண்டு பக்கம். அபிப்பிராயக் கட்டத்தில் "மறுபடியும் படிக்கலாம்" என்று எழுதியிருந்தேன். நான் அப்படி எழுதிய நாவல் அது ஒன்றே.

மூன்று வாரம் நான் வாயைத் திறக்கவில்லை. தினமும் காலையில் மிக்ஸ்சர் கொடுத்தேன், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன், வந்துவிட்டேன். நான்காவது வாரம் டீச்சர் தலைமாட்டில் ஒரு மருந்துக் கம்பெனியின் விலைப்பட்டியல் இருந்தது. அதில் ஓரத்தில் பென்சில் எழுத்துக்களைப் பார்த்தேன். படிக்க வேறு எதுவும் இல்லாமல் அதையும் படித்து அதற்கும் குறிப்பு எழுதியிருந்தார். அன்று சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "எத்தினி நாளா உங்கிட்ட இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"நாலு வருஷமா."

"நல்லா இருக்கா? இரு, இரு, சொல்லாத. சொல்லிட்டின்னா பேஜாரா போய்டும்."

தோல் அட்டையோடு அந்தப் புத்தகம் கனமானது. படுத்துக்கொண்டு நெஞ்சின்மேல் வைத்துப் படிக்க முடியாது. தோலைக் கொதிக்க வைக்கவும் முடியாது. ஆகவே மருந்தறை மேஜையில் வைத்துத் தையலைக் கத்தரித்தேன். அட்டை தனியாக வந்தது. உள்ளே, பதினாறு பக்கமாக மடித்துத் தைத்த ஃபாரங்கள் இருபத்திரண்டு.

டீச்சர் அரை மணிக்கு மேல் படிக்கக்கூடாது, படித்தால் இருமல் ஜாஸ்தியாகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் மருந்து அளக்கிறவள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு ஃபாரம் என்று வைத்தேன். நோட்டில் கோடு போட்டு, இருபத்திரண்டு கட்டம் வரைந்து, கொடுத்த தேதியைக் குறித்தேன். படித்த ஃபாரத்தை அவர் கட்டிலுக்கு அடியில் இருந்த வாளியில் போடுவார். மாலையில் அது அடுப்புக்குப் போகும்.

முதல் ஃபாரத்தை அவர் ஒரே மூச்சில் முடித்துவிட்டார். அடுத்ததைக் கேட்டபோது, நாளை மறுநாள் என்றேன்.

"இன்னாம்மா இது? கதைக்குமா அவுன்ஸ் கிளாஸ்?"

"ஜாஸ்தி படிச்சா உங்களுக்கு ஆகாது டீச்சர்."

"கம்மியா படிச்சா ஆகுமா? படிக்காத நாளெல்லாம் படுத்துக்கினு ஓலைய எண்றேன். மொத்தமா குடுத்துடு. தீந்தா தீரட்டும்."

"முறைன்னு ஒண்ணு இருக்கு."

"நீ பள்ளிக்கூடத்துல இருந்திருந்தா நான் உன்ன வகுப்புத் தலைவியா போட்டிருப்பேன். பொண்ணுங்க உன்ன அடிச்சிருப்பாங்க."

சிரித்தேன். ஆனால் முறையை மாற்றவில்லை. மாற்றாததற்கு டாக்டர் சொன்னது ஒரு காரணம். இன்னொன்றும் இருந்தது. கொடுக்காத ஃபாரம் எரியாது. ஒவ்வொரு முறை பெட்டியைத் திறக்கும்போதும் மிச்சம் எத்தனை என்று பார்ப்பேன். பதினான்கு இருக்கிறது, பன்னிரண்டு இருக்கிறது. டீச்சருடைய ஜுரச் சீட்டும் என் கண்ணில் படும். இரண்டையும் பக்கத்தில் வைத்து நான் கணக்குப் போடவில்லை என்று சொன்னால் அது பொய்.

பதினோராவது ஃபாரத்தில் அந்தப் பெண் படகிலிருந்து இறங்கினாள். அன்று டீச்சர் வாளியில் போடாமல் அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார். அடுத்த நாள் கொட்டகையைக் கூட்ட வந்தவள் எடுத்துப் போய்விட்டாள். "போனா போவுது, எறங்கிட்டா" என்றார்.

பெரிய சிஸ்டர் ஒரு நாள் மருந்தறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார். "ஏம்மா, டீச்சர் எடை ரொம்ப கொறஞ்சு போச்சு. முடிவையாவது அவங்களுக்கு சொல்லிடேன். நான் கடைசி பக்கம் பாத்துட்டேன். நல்ல முடிவுதான்."

"கேட்கமாட்டாங்க சிஸ்டர். அவங்களே படிக்கணும்."

"அப்ப மொத்தத்தையும் குடு."

இன்னும் பன்னிரண்டு நாள்தான், முறைப்படி போனால் முடிந்துவிடும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். டாக்டரிடம் கேட்டுப் பார்த்திருக்கலாம். கேட்டால் சரி என்றுவிடுவார் என்று தெரிந்துதான் கேட்காமல் இருந்தேன்.

பதினாறாவது ஃபாரம் கொடுத்த மறுநாள் டீச்சருக்கு இருமலில் ரத்தம் வந்தது. அதற்கு மறுநாள் காலை பாக்கி ஆறையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன். ஓடியதாக ஞாபகம், நடந்தும் இருக்கலாம். ஆறையும் அவர் கையருகே வைத்தேன்.

அவர் மேலே இருந்ததை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்தார். சற்று நேரம் பிடித்திருந்தார். பிறகு கை தாழ்ந்தது.

"எழுத்து நிக்கல. ஓடுது."

"நான் படிக்கட்டுமா டீச்சர்?"

வேண்டாம் என்று தலையை ஆட்டினார். இருந்தும் நான் ஒரு வரி படித்தேன். அவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"வாணாம்மா. உன் கொரல்தான் கேக்குது. அவ கொரல் கேக்கல."

மிக்ஸ்சர் நேரம் ஆகிவிட்டது. அளந்து கொடுத்தேன். குடித்தார்.

மூன்றாம் நாள் விடிந்தபோது கட்டில் காலியாக இருந்தது. படுக்கையோடு அந்த ஆறு ஃபாரங்களும் அடுப்புக்குப் போயின; உள்ளே போய்விட்டதால் சட்டப்படி அவையும் எரிக்க வேண்டியவைதான். யாரும் படிக்காமல் எரிந்தன. நானே அவற்றை உள்ளே கொண்டுபோனேன்.

ஒரு வாரம் கழித்து டீச்சருடைய கணவர் வந்தார். கை விரல்கள் தோல் பதனிடும் பட்டையின் சாயம் ஏறிப் பழுப்பாக இருந்தன. மருந்தறை ஜன்னலுக்கு வெளியே நின்றார்.

"அவ கடைசியா ஒரு புஸ்தகம் படிச்சிக்கினு இருந்தாளாமே. அது இருந்தா குடுங்கம்மா. எனக்குப் படிக்கத் தெரியாது. சும்மா வெச்சிக்கறேன்."

சட்டத்தை விளக்கினேன். அட்டை மட்டும் இருக்கிறது என்று எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பி, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். வேலைப் பழக்கம்.

"ஆட்டுத்தோல். ஆவாரம்பட்டையில ஊறினது. ஓரத்துல ஒரு கீறல், அதனால கழிச்சிருக்காங்க. மத்தபடி நல்ல தோல்தான்."

பிறகு கேட்டார்: "முடிச்சாளா?"

"இல்லிங்க. ஆறு ஃபாரம் பாக்கி."

"மொத்தம் எத்தினி?"

"இருபத்திரண்டு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடுத்தேன்."

அவர் விரல் விட்டு எண்ணினார். நாளெல்லாம் தோலை எண்ணி அடுக்குகிறவர். அதிக நேரம் ஆகவில்லை.

"தினம் ஒண்ணுன்னு குடுத்திருந்தா முடிச்சிருப்பா, இல்லிங்களா?"

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"முடிச்சிருப்பாங்க" என்றேன்.

அவர் தலையசைத்தார். அட்டையைத் துண்டில் சுற்றிக்கொண்டு சாலைப் பக்கம் போனார்.

நோட்டில் அந்தப் புத்தகத்துக்கு நேராக டீச்சருக்கென்று தனியாக ஒரு வரி போட்டிருந்தேன். தொடங்கிய நாள் இருக்கிறது. முடித்த நாள் கட்டத்தில் எதுவும் இல்லை. அதன் பிறகு நான் வேறு புத்தகம் எதையும் நோட்டில் ஏற்றவில்லை. மத்தியானம் அந்த அரை மணி நேரம் இப்போதும் வருகிறது. புட்டிகளைத் துடைத்து வைக்கிறேன்.