தேவராஜ் அட்ஜஸ்ட் செய்த மூன்றடி

கண்ணாடிப் பெட்டி சந்து முனையிலேயே நின்றுவிட்டது. அதை வாடகைக்குக் கொண்டுவந்த லோகேஷ் ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து உதட்டைப் பிதுக்கினான்.

"பொட்டி ரெண்டரை அடி. வழி ரெண்டடி தேறாது. போவாதுக்கா."

வெள்ளானூரில் அந்தச் சந்தின் கடைசி வீடு தேவராஜுடையது. ஆஸ்பத்திரியிலிருந்து காலை ஏழு மணிக்கு அவர் உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ், பெட்டிக்குப் பின்னால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. பதினொரு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய வீடு. அதன் கூடத்தில் ஒரு பகலாவது படுத்திருந்துவிட்டுத்தான் அவர் போகவேண்டும் என்று அவர் மனைவி கெங்கம்மாள் சொல்லிவிட்டாள். வேறு எதையும் அவள் கேட்கவில்லை. மாலை எத்தனை, மேளம் உண்டா என்றதற்கெல்லாம் தலையைக்கூட ஆட்டவில்லை.

வழியை அடைத்துக்கொண்டிருந்தது முன்வீட்டு ராஜசேகரனின் இரும்புப் படிக்கட்டு.

மகள் சுரேகாவுக்கு அந்தப் படிக்கட்டு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ராஜசேகரன் ஊரின் பழைய விவசாயக் குடும்பம். அவர்கள் வயலில் தேவராஜின் அப்பா கூலிக்கு நாற்று நட்டார். பிறகு அந்த வயலே மனைகளாகி, கடைசி மனையைத் தேவராஜ் வாங்கினார். பத்திரத்தில் ஐந்தடிப் பொதுப்பாதை என்று எழுதியிருந்தது. ஆறு வருஷம் முன்பு ராஜசேகரன் வாடகைக்கு விட மாடி கட்டினார். படியை வீட்டுக்குள் வைத்தால் கூடத்தின் அழகு கெட்டுவிடும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

"தேவராஜு, படிய வெளியே போட்டுக்கறேம்பா. தற்காலிகந்தான். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க."

"அதுக்கின்னாண்ணா, போட்டுக்குங்க" என்றார் தேவராஜ்.

அதோடு நிற்கவில்லை. வெல்டிங்காரன் போல்ட்டைச் சரியாக முடுக்கவில்லை, ஆடுகிறது, யாராவது விழுந்து வைப்பார்கள் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவரே ஸ்பேனரோடு உட்கார்ந்து தன் வழியை மறிக்கும் படிக்கட்டைத் தன் கையாலேயே ஆடாமல் அசையாமல் முடுக்கிக் கொடுத்தார். ராஜசேகரன் வீட்டிலிருந்து ஒரு டம்ளர் மோர் வந்தது.

அட்ஜஸ்ட் என்ற சொல் தேவராஜின் வாழ்க்கையில் நுழையாத இடம் கிடையாது. காலையில் அண்ணனூரில் ரயில் ஏறுவார். மூன்று பேர் சீட்டில் நாலாவதாக ஒருவர் வந்து, "அண்ணாத்தே, கொஞ்சம் அட்ஜஸ்ட்" என்பார். அங்கே அதற்குப் பொருள் நகர்தல். பட்டரவாக்கத்தில் இறங்கும்போது தேவராஜின் உடம்பில் பாதிதான் சீட்டில் இருக்கும், மீதி காற்றில். கம்பெனியில் சூப்பர்வைசர், "ஆள் வரல தேவராஜு, ரெண்டாவது ஷிப்டும் அட்ஜஸ்ட் பண்ணிடு" என்பார். அங்கே பொருள் பதினாறு மணி நேரம். மளிகைக் கடையில் சில்லறைக்குப் பதிலாக இரண்டு மிட்டாய் வரும். அதுவும் அட்ஜஸ்ட்தான், சர்க்கரை வியாதிக்காரருக்கு மிட்டாய். பொண்ணு பார்க்க கரையான்சாவடியிலிருந்து வந்த ஒரு குடும்பம், பஜ்ஜியை முடித்துவிட்டு, "பொண்ணு அட்ஜஸ்ட் பண்ணிப் போவுமா?" என்று கேட்டது. தேவராஜ் வழக்கம்போலத் தலையாட்டப் போனார்.

"நான் இன்னா ஷேர் ஆட்டோ சீட்டாங்க?" என்றாள் சுரேகா.

அந்தச் சம்பந்தம் கைகூடவில்லை. தேவராஜ் மகளைக் கடிந்துகொள்ளவும் இல்லை. மீந்த பஜ்ஜியைத் தின்றுகொண்டே, "இந்த வாயி உனக்கு எங்கேர்ந்து வந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். கேட்ட விதத்தில் கொஞ்சம் பொறாமை இருந்ததுபோல் அவளுக்குப் பட்டது.

சுரேகாவுக்கு அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை. செல்போன் செயலிகளில் வரும் ஆங்கில வரிகளைத் தமிழாக்குவது. போன வருஷம் இதே சொல் அங்கே ஒரு வாரம் அவளை உட்காரவிடவில்லை. திரை வெளிச்சத்துக்கு 'சரிசெய்க' என்று எழுதினாள். காரின் சீட்டுக்கு 'நகர்த்துக'. பில்லுக்கு 'ஈடுசெய்க'. புது ஊருக்குக் குடிபோகிறவனுக்கு 'பழகிக்கொள்க'. டீம் லீடர் கூப்பிட்டு, ஒரு வார்த்தைக்கு ஒரு வார்த்தைதான் வேண்டும், கம்ப்யூட்டர் குழம்பிவிடும் என்றார். கம்ப்யூட்டர் குழம்பக்கூடாது என்பதற்காக மனிதர்கள் குழம்பிக்கொள்ளலாம் என்பது அங்கே விதி.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அப்பாவைக் கேட்டாள்.

"நைனா, அட்ஜஸ்ட்டுக்குத் தமிழ்ல இன்னா?"

"இன்னாத்துக்குத் தமிழ்ல? அதே தமிழ்தானே."

"இங்கிலீஷ் நைனா அது."

"யாரு சொன்னா? உங்க ஆயா இஸ்கூல் பக்கமே போனதில்ல, அது பேசுனது இங்கிலீஷா?" என்று சிரித்தார். பிறகு, டீயை ஆற்றிக்கொண்டே, கம்பெனிக்காரராக மாறிச் சொன்னார். "மிஷின்ல அப்படி இல்லம்மா. கட்டர அட்ஜஸ்ட் பண்றோம்னா, அளவு வர்ற வரைக்கும் திருப்பணும். அளவு வந்துச்சா, லாக் நட்ட டைட் பண்ணிடணும். அதுக்கு மேல எவன் வந்து கேட்டாலும் அசையக்கூடாது. லாக் பண்ணாத அட்ஜஸ்ட்டு அட்ஜஸ்ட்டே இல்ல. பீஸ் ஃபுல்லா ரிஜெக்ட் ஆயிடும்."

இதைச் சொன்னவர்தான் சந்தில் மூன்றடியை விட்டுக்கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். சுரேகா அதைச் சொல்லிக்காட்ட வாயெடுத்து, அவர் டீ குடிக்கும் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவளுக்கும் அந்தப் பழக்கம் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

இப்போது சந்து முனையில் கூட்டம் யோசனை சொல்ல ஆரம்பித்திருந்தது. கெங்கம்மாளின் தம்பி செல்வகுமார், படிக்கட்டின் கீழ்ப்பாதியில் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிவிடலாம் என்றான். தூக்கிப் பார்த்தார்கள். கீழே தப்பித்தால் மேலே இடித்தது.

"அப்போ மாடி வழியா ஏத்திடலாம்" என்றான் அவன். "ஃப்ரிட்ஜ் வாங்கினப்போ கயிறு கட்டி மொட்டமாடிக்கு ஏத்தி, அந்தாண்ட எறக்கல?"

ஏற்றியது உண்மைதான். அன்று கயிற்றின் மறுமுனையைப் பிடித்தவர் தேவராஜ். ஃப்ரிட்ஜ் வந்த வழியில் ஃப்ரிட்ஜ் வாங்கியவரும் வரலாம் என்ற கணக்கு இரண்டு மூன்று பேருக்குச் சரியாகவே பட்டது. ஒருவர் கயிறு தேடவும் போய்விட்டார்.

ராஜசேகரன் வெள்ளை வேட்டியில் வந்தார். அழுதிருந்தார், அதில் சந்தேகமில்லை. "தங்கமான மனுஷன். யாரையும் ஒரு வார்த்த எதுத்துப் பேசினதில்ல" என்று நாலு பேரிடம் சொன்னார். பிறகு கெங்கம்மாளிடம் வந்தார்.

"தெருவுலயே பந்தல் போட்டு வெச்சுடலாம்மா. என் வாசல்ல வெச்சுக்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஒரு நாள்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

கெங்கம்மாள் ஆம்புலன்சின் படியில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்தாள்.

"அவரு அவரோட ஊட்டுக்குப் போவணும்ணா."

"வழி இல்லியேம்மா."

"வழி கீது. அதுல உங்க படி கீது."

கூட்டம் அவள் பக்கம் திரும்பியது. இத்தனை வருஷத்தில் கெங்கம்மாளின் குரலை அந்தத் தெரு கேட்டது தண்ணீர் லாரி வரும்போது மட்டும்தான்.

அந்த நேரத்தில்தான் கம்பெனி வேன் வந்தது. ஒரே நிறச் சட்டையில் பத்துப் பேர், கையில் பெரிய மாலை. மூத்தவரான ஆனந்தன், தேவராஜோடு இருபத்திரண்டு வருஷம் ஒரே ஷெட்டில் நின்றவர். மாலையைப் போட்டுவிட்டு, சுரேகாவிடம் விஷயத்தைக் கேட்டார். நேராகச் சந்துக்குள் போய், படிக்கட்டின் அடியில் குந்தினார். ஃபிட்டர் கண்களுக்கு அது படிக்கட்டாகத் தெரியவில்லை. எட்டு போல்ட்டாகத் தெரிந்தது.

"அண்ணனோட டூல் பாக்ஸ் இருக்காம்மா?"

சுரேகா ஓடினாள்.

"இருங்க, இருங்க" என்றார் ராஜசேகரன். "மேல குடித்தனம் இருக்குது!"

மாடி வராண்டாவிலிருந்து ஐ.டி. கார்டு மாட்டிய குடித்தனக்காரர் எட்டிப் பார்த்தார். "சார், எனக்கு பத்தரைக்கு ஆபீஸ். நான் எப்படி எறங்கறது?"

"இப்பவே எறங்கிடு மச்சான்" என்று கீழேயிருந்து ஒருவர் சொன்னார். "சாயங்காலம் ஏறுறது அப்பால பாத்துக்கலாம்."

அவர் லேப்டாப் பையோடு விழுந்தடித்து இறங்கினார். அவர் மனைவி மேலேயே நின்றுகொண்டார். இங்கிருந்து நன்றாகத் தெரிகிறது என்பதுபோல்.

போல்ட்டுகள் லேசில் வரவில்லை. "யார்ரா முடுக்கினது இத?" என்று ஆனந்தன் மூச்சு வாங்கக் கேட்டார். சுரேகா சொன்னாள். அவர் ஸ்பேனரை வைத்துவிட்டு, போல்ட்டின் தலையைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினார். பிறகு ஒரு குழாயை ஸ்பேனரில் செருகி, இரண்டு பேரை அழுத்தச் சொன்னார்.

இருபது நிமிஷத்தில் படிக்கட்டு தெருப்பக்கமாக ராஜசேகரனின் மதிலில் சாய்ந்து நின்றது. கண்ணாடிப் பெட்டி உள்ளே போயிற்று. பின்னால் நாலு பேர் தோளில் தேவராஜ் போனார், மல்லாந்து, யார் மேலும் இடிக்காமல். சாயங்காலம் நாலு மணி வரை தன் கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே, பெட்டி கொள்ளும் அளவுக்கு முழு இடத்தையும் எடுத்துக்கொண்டு படுத்திருந்தார். வந்தவர்கள்தான் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள்.

எல்லாம் முடிந்து, ஆண்கள் குளித்துவிட்டுத் திரும்பியபோது இன்னும் இருட்டவில்லை. ராஜசேகரன் வீட்டு வாசலில் குடித்தனக்காரர் பையோடு நின்றிருந்தார். மாடியில் அவர் மனைவி பக்கெட்டில் கயிறு கட்டி அவருக்குத் தண்ணீர் பாட்டில் இறக்கினார்.

ராஜசேகரன் சந்துக்குள் வந்தார். கெங்கம்மாள் வாசல்படியில் இருந்தாள்.

"அந்த போல்ட்டெல்லாம் எங்கம்மா?"

"எங்கிட்டதான் கீது."

"குடுத்தீனா ஆள வெச்சு மாட்டிடுவேன். பாவம், அந்தப் புள்ள மேல மாட்டிக்கினு கீது."

"ஏணி வெச்சு எறக்குங்கண்ணா. படிய உங்க ஊட்டுக்குள்ள மாட்டுற அன்னிக்கு வந்து வாங்கிக்குங்க."

"இன்னாம்மா நீ? தேவராஜு இருந்திருந்தா இப்படிப் பேசுவானா?"

"பேசமாட்டாரு. குடுத்திருப்பாரு."

ராஜசேகரன் திரும்பினார். ஏணி யாரிடம் இருக்கிறது என்று குரல் கொடுத்துக்கொண்டே போனார்.

கெங்கம்மாள் எழுந்தாள். தெருக்குழாயில் முகம் கழுவிவிட்டு வருவதாகச் சுரேகாவிடம் சொன்னாள். முந்தானை முடிச்சில் எட்டு போல்ட்டின் கனம் தொங்கியது. சந்தின் ஐந்தடியும் வெறுமையாகக் கிடந்தது. ஆறு வருஷப் பழக்கத்தில், தோளை ஒருக்களித்துக்கொண்டு சுவரை ஒட்டியே அவள் நடந்து போனாள்.