பாட்டுப்பெட்டி நின்ற விஜயதசமி

அது விஜயதசமி என்பதில் சந்தேகமில்லை. ஆண்டில்தான் தகராறு. எழுபத்தொன்பது என்பாள் அம்மா. நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். மார்க் அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டேன், எழுபத்தெட்டுதான்.

திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே என் தாய்மாமன்கள் இருவரும் சேர்ந்து காப்பிக் கடை நடத்தினார்கள். கொடைக்கானலில் ஒரு கிளப்பை மூடியபோது, அண்ணனைக் கேட்காமலே சின்ன மாமா ஒரு ஜூக்பாக்ஸை வாங்கி லாரியில் ஏற்றி வந்துவிட்டார். பீரோ அளவுப் பெட்டி. காசு போட்டுப் பொத்தானை அமுக்கினால் உள்ளே ஒரு கை இசைத்தட்டை எடுத்து வைக்கும். அதற்காக ஒரு மேசையை வெளியே தூக்கிப் போட்டதிலிருந்து பெரிய மாமா தம்பியோடு பேசுவதில்லை. பேச வேண்டியதெல்லாம் என் வழியாக. இரண்டடி தூரத்தில் தம்பி நிற்க, "ஏத்தா, சீனி தீந்துபோச்சுன்னு ஒங்க சின்ன மாமாட்டச் சொல்லு" என்பார். நானும் திரும்பிச் சொல்வேன்.

அன்று காலை சின்ன மாமா முதல் காசைப் போட்டார். விளக்கு எரிந்தது. பாட்டு தொடங்கி, அரை அடியில் இழுத்து, நின்றது. விளக்கும் அணைந்தது.

"ஏத்தா, பன்னெண்டு மணிக்குள்ள இது பாடலைன்னா கப்பலூர்ப் பழைய இரும்புக்காரனை வரச்சொல்லிருவேன்னு சொல்லு."

சொன்னேன்.

"பாடும்னு சொல்லு."

அதையும் சொன்னேன்.

டெஸ்டரை வைத்தால் பிளக்கில் கரண்ட் காட்டியது. அப்படியென்றால் கோளாறு பெட்டிக்குள்தான் என்று சின்ன மாமா பின்கதவைத் திறந்து தலையை நுழைத்தார். உள்ளே கும்மிருட்டு. ஒரு கையில் டார்ச், ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவர், வாயில் இரண்டு ஸ்க்ரூ. ஒவ்வொரு வயராக இழுத்துப் பார்த்தார். கழற்றி மாட்டினார். பத்தரை ஆயிற்று. பெரிய மாமா கல்லாவிலிருந்து மூன்று முறை எழுந்து உட்கார்ந்தார். நான்காம் முறை வந்து டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டார்.

"டேய், அதில்லடா, செவப்பு வயரு! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

வழக்கம்போல் அதைச் சொல்லத் திரும்பினேன். தேவைப்படவில்லை.

சுவரோரமாக ஒதுங்கினேன். அங்கே சுவிட்ச் போர்டிலிருந்து சந்தனம் கருகிய வாசனை வந்தது. முந்தின நாள் ஆயுத பூஜை. பெட்டியை யாரும் ஓட்டக் கூடாதென்று சின்ன மாமா அதற்கான பீங்கான் ஃபியூஸ் கட்டையை அந்த போர்டிலிருந்து பிடுங்கி, குறடு, ஸ்க்ரூ டிரைவரோடு சாமிக்கு முன்னால் வைத்திருந்தார். சந்தனம் வைக்கும் வேலை என்னுடையது. எதையும் விடக் கூடாது என்பது என் சுபாவம். ஃபியூஸ் கட்டையின் இரண்டு செம்புக் கால்களுக்கும் தடிமனாகவே அப்பியிருந்தேன். காலையில் அவர் அதை அப்படியே மாட்டிவிட, டெஸ்டர் எரிய மட்டுமே போதுமான கரண்ட் சந்தனத்தைத் தாண்டி வந்திருக்கிறது.

மணி பதினொன்று ஐந்து. சின்ன மாமாவின் சட்டையை இழுத்துக் காதில் சொன்னேன். அவர் போர்டிடம் போய் மோந்து பார்த்தார். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். என் கன்னத்தைக் கிள்ளி, "வாயத் தொறக்காத" என்று மட்டும் சொன்னார்.

பிறகு திரும்பிப் போய் இன்னொரு மூடியைக் கழற்றத் தொடங்கினார்!

"அண்ணே, டார்ச்ச இன்னுங் கொஞ்சம் கீழ புடிங்க."

"எம்புட்டு நேரமாடா புடிக்கிறது? கை கடுக்குது." ஆனாலும் கீழே பிடித்தார். "இந்தச் சுருளு எதுக்குடா?"

சின்ன மாமா சொன்னார். பெரிய மாமா அடுத்ததைக் கேட்டார். தாத்தா வைத்திருந்த வால்வு ரேடியோவை இருவரும் சேர்ந்து பிரித்துவிட்டு அடிவாங்கிய கதை வந்தது. "நீதான் பிரிச்ச." "நீங்கதாண்ணே பிரிக்கச் சொன்னீக." பெரிய மாமா சிரித்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தபடி காலை மாற்றி மாற்றி நின்றேன். இரும்புக்காரன் வந்துவிடுவான், இந்த மனுஷன் கதை பேசுகிறாரே!

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில்தான் சின்ன மாமா மெயினை அணைத்து, ஃபியூஸ் கட்டையின் கால்களை பிளேடால் சுரண்டி மாட்டினார். பெட்டி பாடியது.

"ஃபியூஸா? அத மொதல்லயே பாக்கக் கூடாதாடா, கூமுட்டை?" என்றார் பெரிய மாமா, நேராகத் தம்பியின் முகத்தைப் பார்த்து.

அந்த முக்கால் மணி நேரத்துக்காகச் சின்ன மாமாமேல் எனக்கு வெகுநாள் கோபம் இருந்தது. பழுது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும் என்றுதான் அன்று நினைத்திருந்தேன்.