கொலுவில் படுத்த ஜெர்மன் நாய்

அமெரிக்காவில், சன்னிவேலில் இருந்த காலத்தில் சனிக்கிழமைதோறும், வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கும் கராஜ் சேல்களைச் சுற்றுவோம். அப்படி வாங்கியதுதான் அந்தப் பீங்கான் நாய். அமுங்கிய மூக்கு, கழுத்துப் பட்டையில் குட்டி மணிகள், மாப்பிள்ளையைப் பிடிக்காத மாமனாரின் பார்வை. நவராத்திரி வந்ததும் என் மனைவி அதைக் கொலுவில், செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்தாள். கடைக்குக் காவல் வேண்டாமா என்றாள்.

முதல் நாளே சுண்டலுக்கு வந்த பக்கத்து வீட்டு அமெரிக்க அம்மாள் பழம்பொருள் விற்பவர். சாமிகளையெல்லாம் தாண்டி நாயின் முன் குனிந்தார். பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மனியில், பிரபுக்கள் வளர்த்த நாய்களைப் பார்த்து இப்படிச் செய்தார்களாம். அசல் என்றால் அடியில் இரண்டு நீல வாள்கள் குறுக்காக வரைந்திருக்குமாம்.

என் கை தானாக நாயிடம் போனது. மனைவி தடுத்தாள்.

"வெச்ச பொம்மைய நடுவுல எடுக்கக் கூடாதுங்க. விஜயதசமி வரைக்கும் வெயிட் பண்ணுங்க."

கழுவும்போது அடியில் எதையாவது பார்த்தாயா என்று கேட்டேன்.

"ஏதோ இங்க் கறை இருந்துச்சு. நல்லா ஸ்க்ரப் பண்ணேன். போச்சான்னு பாக்கல."

அன்றுமுதல் எனக்குத் தூக்கமில்லை. கலிஃபோர்னியாவில் பூகம்பம் வரும் என்பதே அப்போதுதான் உறைத்தது. ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்து கொலுவின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். ஓடிவரும் குழந்தைகளுக்கும் நாய்க்கும் நடுவில் நான்தான் சுவர். வந்தவர்கள் என் பக்தியைப் பார்த்து உருகிப்போனார்கள்.

விஜயதசமி மாலை, ஆரத்தி முடிந்து ஒரு பொம்மையைப் படுக்கவைக்கும் நேரம். எனக்குள் மின்னல் வெட்டியது.

"இந்த வருஷம் நாயைப் படுக்க வைம்மா."

"நாயையா?"

"பாவம், ஒன்பது நாளா நின்னுட்டே இருக்கு."

என்மேல் காட்டாத இரக்கத்தோடு நாயைச் சாய்த்து வைத்தாள். நான் கார்ப்பெட்டில் குப்புறப் படுத்து டார்ச் அடித்தேன். இரண்டு நீல வாள்கள். ஸ்க்ரப்பருக்கு மசியவே இல்லை.

பக்கத்து வீட்டு அம்மாளிடம் ஓடினேன். மெருகுக்கு அடியில் தீட்டியது, தேய்த்தால் போகாது என்றார். நான் பூரித்து முடிப்பதற்குள், அந்த வாள்களைக் காப்பியடிக்காத தொழிற்சாலையே ஐரோப்பாவில் இல்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் நாயைப் பெட்டியில் வைத்தது மனைவிதான். அசலாகவும் இருக்கலாமே என்று நான் தொடவில்லை. இன்றும் எங்கள் கொலுவில் படுப்பது அந்த நாய்தான். கூடவே, டார்ச்சுடன் நானும்.